குளிக்கத் தடை

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் குளிக்க வந்த நாத்தனார் குடும்பம் கிளம்புகிற வழியைக் காணோம். பஜ்ஜி, வடை என்று சுட்டுச் சுட்டு உமாராணிக்கு எண்ணெய்ச் சட்டியே கதியாகிவிட்டது. வருஷத்துக்கென்று போட்ட மாங்காய் ஊறுகாயும் சாடியின் அடியைத் தொட்டுவிட்டது.

அருவியில் டூட்டியிலிருந்த போலீஸ்காரக் கணவர் போன் செய்தார். உமாராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வெள்ளம் வந்துட்டு. குளிக்கத் தடை!"

"லீவு வீணாப் போவுதே மதினி..." என்று உமாராணி இழுத்தாள்.

"அதுக்கென்ன உமா? திறந்ததும் குளிச்சிட்டே போறோம். நீ முறுக்குக்கு மாவு பெசஞ்சிரு" என்றாள் நாத்தனார்.

உமாராணி அடுப்படிக்கு ஓடி, கணவரை அழைத்துக் கிசுகிசுத்தாள். "நான் சொல்லச் சொன்ன பொய் வேண்டாங்க. அருவி திறந்தாச்சுன்னு சொல்லிருங்க."

"ஏட்டி, இப்ப நெசமாவே வெள்ளம் வந்துட்டு. வரும்போது எண்ணெய் வாங்கிட்டு வரட்டா?"