பந்தியில் பன்னிரண்டு இடக்கை

எதிர்வரிசையில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பீச்சாங்கையைத் தூக்கிச் சாம்பார் சோற்றில் வைத்தால், மாப்பிள்ளையைப் பெற்றவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

வெங்கடரமணனுக்குச் சுற்றியது. திருச்சானூர் கல்யாண மண்டபம், முதல் பந்தி, சித்தூரிலிருந்து வந்த சொந்தபந்தம் அத்தனை பேர் கையிலும் செல்போன். மானம் போக இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஏற்கெனவே அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. காலையில் கழுத்தில் தாலி ஏறிய மருமகள் யாமினிக்கு இடதுகைப் பழக்கம். நிச்சயதார்த்தத்தன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"எழுதிக்கோ, கோலம் போட்டுக்கோ, உன் இஷ்டம். சோறு மட்டும் சோத்துக்கையாலதான் துன்னணும்மா. நாலு பேர் பாத்தா என்னா நெனப்பாங்க?"

"சரிங்க மாமா" என்றது பெண்.

அந்தச் 'சரிங்க மாமா' இப்போது மணமகள் இலையில் படாத பாடு பட்டது. வலது கையால் அவள் உருட்டின கவளம் வாய்க்குப் போகாமல் பட்டுப்புடவைக்குப் போனது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வுடு, நான் ஊட்டறேன்" என்று மாப்பிள்ளை ஹரிபிரசாத் கையை நீட்ட, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

யாமினி கையை மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பெண். வெங்கடரமணனுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அப்போதுதான் எதிரே இந்தக் கூத்து! எல்லாரும் பெண்ணோடு படித்தவர்களாம். சத்தியவேடு பக்கத்துக் கிராமம்.

சரி, பழக்கமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒருத்தருக்கு ரசம் முழங்கை வரை வழிகிறது. ஒருத்தி நெற்றியில் பருப்பு. கடைசியில் உட்கார்ந்தவரின் முழங்கை இடித்து இடித்து, பக்கத்தில் இருந்த சித்தூர் சித்தப்பாவின் வடை தரையில் உருண்டோடியது. பரிமாறுகிறவர் குழம்பிப்போய், இலையைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று ஓர் இலையைத் திருப்பவே ஆரம்பித்துவிட்டார்.

"நிறுத்துங்கப்பா!" வெங்கடரமணன் கத்தினார். "பந்தியில துன்ற மொறையா இது? உங்க ஊர்ல எல்லாருக்குமா பீச்சாங்கை?"

மூக்கு நுனியில் சோற்றுப் பருக்கையோடு ஓர் இளைஞர் எழுந்தார். பெயர் கிஷோர். பஸ் கண்டக்டர்.

"இல்ல சார். எங்க எல்லாருக்கும் ரைட்டுதான். யாமினிக்கு மட்டும்தான் லெஃப்ட்டு."

"அப்பறம் என்னாத்துக்குய்யா இந்த வேல?"

"மூணாங்கிளாஸ் படிக்கசொல்ல, மத்தியானம் ஸ்கூல்ல சோறு போடுவாங்க சார். இது லெஃப்ட்டுல துன்னுதுன்னு நாங்க சிரிச்சுக்கினு, தனியா தள்ளி உக்கார வெச்சோம். வசந்தா டீச்சர் பாத்துட்டாங்க. திட்டல, அடிக்கல. அவங்களே ஒரு தட்ட எடுத்துக்கினு இது பக்கத்துல உக்காந்து லெஃப்ட்டுல துன்ன ஆரம்பிச்சாங்க. 'நீங்களும் துன்னுங்கடா, பாக்கலாம்'னாங்க."

"துன்னோம். மூஞ்சியெல்லாம் சோறு!" நெற்றியில் பருப்போடு இருந்த மோகனப்ரியா சிரித்தாள். சித்தூரில் நர்ஸ். "அன்னிக்கி ஒழுங்கா துன்னது இவ ஒருத்திதான். டீச்சர் எங்கள இவளுக்குக் கைதட்டச் சொன்னாங்க."

"அதுலருந்து யாமினி கூட எங்க உக்காந்தாலும் நாங்க லெஃப்ட்டுதான் சார். பதினெட்டு வருசமாச்சு. இன்னும் வந்து தொலைய மாட்டேங்குது. ஆனா வுட மாட்டோம்!" என்றார் கிஷோர்.

பந்தியே கொல்லென்று சிரித்தது. சித்தப்பா வடை போன துக்கத்தை மறந்து கைதட்டினார். யாமினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மடியில் இருந்த இடது கை இலைவரை வந்துவிட்டு, மாமனாரைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

தன் கட்சி ஆட்களும் அந்தப் பக்கம் சாய்வதைப் பார்த்து வெங்கடரமணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது.

"மூணாங்கிளாஸ்ல எவங்களோ சொன்னத இன்னுமா சொமந்துக்கினு திரிவீங்க? எங்க வூட்டுக்குன்னு ஒரு மொற இருக்குது. யசோதா, நீ சொல்லு! முப்பது வருசமா எங்கூட உக்காந்து துன்றவ. நீ சொன்னா உம் மருமக கேப்பா."

யசோதா மருமகளுக்கு அடுத்த இலையில் இருந்தாள். இத்தனை கலாட்டாவிலும் வாயே திறக்காதவள். வலது கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இடது கையால் ரசஞ்சோற்றைப் பிசைந்தாள். பிறந்ததிலிருந்து அதையே செய்துகொண்டிருப்பவள் மாதிரி லாகவமாக உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

சித்தூர்ச் சொந்தங்களின் செல்போன்கள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

"யசோதா... நீயுமா?" வெங்கடரமணன் அந்தக் கையையே பார்த்தார்.

"நீ துன்னு கண்ணு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, யசோதா புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனுக்கும் மூணாங்கிளாஸ்ல ஒரு சார் இருந்தாருங்க. இந்தக் கைய பெஞ்சுக்கால்ல கட்டிப் போட்டாரு. நாப்பத்தஞ்சு வருசம் கழிச்சு இன்னிக்கித்தான் அவுந்துச்சு."