சுழி கொடுத்த மன்னிப்பு

வலையிலிருந்து அறுந்துபோன தக்கை ஒன்று, இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த கடற்சுழியில் போய் மாட்டிக்கொண்டது. சுற்றிய சுற்றில் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயா, தெரியாம வந்துட்டேன். விட்டுடுங்க."

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே? கும்பிட்டுக் கேளு," என்று உறுமியது சுழி.

தக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் தலையைத் தண்ணீரில் முக்கிக் கும்பிடு போட்டது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிக்குப் பொறுக்கவில்லை.

"அவரைக் கெஞ்சி என்ன ஆகப்போகுது? கடல் ஏறுறப்போ இந்தச் சந்துக்குள்ள தண்ணி முட்டிக்கிட்டு வருது. பாறையில பட்டுத் திரும்புற தண்ணி அதோட மோதுது. ரெண்டும் உரசுற இடத்துல இவர் சுத்துறார். ஏத்தம் நின்னா இவரும் நிப்பார்."

"அக்கா, மெதுவாப் பேசுங்க. அவர் காதுல விழுந்துடப் போகுது," என்று பதறிய தக்கை, இரண்டு கும்பிடு கூடவே போட்டது.

சற்று நேரத்தில் ஏற்றம் ஓய்ந்தது. சுழியின் குரல் கம்மியது.

"சரி, போ. இந்த ஒரு தடவை மன்னிச்சேன்."

தக்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு முழம் தள்ளி மிதந்த பிறகு, நன்றி சொல்லாமல் போனால் நன்றாயிருக்காதே என்று திரும்பி, ஒரு பெரிய கும்பிடாகப் போட்டது.

அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.