ஆடாமல் தோற்றவர்கள்

திருச்சி பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அந்த சீசனில் பதினோரு ஆட்டங்களில் தோற்றிருந்தது. ஒன்றில்கூட அவர்கள் பனித்தளத்தில் கால் வைக்கவில்லை. முடிவு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உறுதி என்று லீக்கின் கணிப்புப்பொறி சொல்லிவிட்டால் ஆட்டம் கிடையாது. தோல்வி போனுக்கே வந்துவிடும்.

கோல்கீப்பர் ஜெனிட்டா தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது கடைசி ஆட்டத்துக்கான கணிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோவையுடன். சனிக்கிழமைக்குள் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்காவிட்டால் அதுவும் போச்சு.

"அதுக்குள்ள தோத்தாச்சா? இன்னும் சட்னியே அரைக்கலையே!" என்றான் கணவன் ஆல்வின்.

"தொண்ணூத்தாறாம்." அவளுக்கு அழுகை முட்டியது. ஒரே ஒரு அடியைக்கூடத் தடுக்காமல் வருடம் முடியப்போகிறது.

அன்று மாலை கோவை அணித்தலைவி சிந்துஜா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, ஜெயிச்சு ஜெயிச்சு நாங்களும் ஒரு மேட்ச்கூட ஆடலைங்க. கப்பைக் கூரியர்ல அனுப்புறாங்களாம், கடுப்பா இருக்கு. எங்காளுக நாலு பேரை லீவு போடச் சொல்லட்டுங்களா?"

"எங்களுக்கு நாலெல்லாம் பத்தாதுடி. ஏழு பேரை லீவு போடச் சொல்லு."

ஏழாவது லீவு பதிவானதும் எண் எண்பத்தொன்பதுக்கு இறங்கியது.

ஞாயிறன்று ஜெனிட்டா தோள் கன்றிப்போய், நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள்.

"எவ்வளவு?" என்றான் ஆல்வின்.

"பதினாலுக்குப் பூஜ்யம்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆனா முப்பத்தொண்ணு தடுத்தேங்க! உக்காருங்க, ஒவ்வொண்ணாச் சொல்றேன்."