இரண்டு நொடி முன்னால்

“பந்தை யாருக்குக் குடுக்குறோம்னு அந்தப் பையனுக்காவது தெரியுமா, நகுமோ சான்?”

பயிற்சியாளர் முனகாதா எரிச்சலோடு கேட்டார். எதிரே மைதானத்தில் நாளைய கால்பந்து ஆட்டத்துக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வயது டோக்கிவா உதைத்த பந்து, ஒருவருமே இல்லாத மூலைக்கு உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. வலது ஓரத்தில் ஆடும் மினோபே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அங்க உன் மாமா நிக்கிறாரா?” என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். டோக்கிவா குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பந்தை எடுக்க ஓடினான்.

அவனை அணிக்குக் கொண்டுவந்தவர் நகுமோ. ஊர் ஊராகப் போய் இளம் வீரர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி அணியில் முனகாதாவுக்கு ஒரு வருஷம் சீனியர். அந்த ஒரு வருஷம் இன்னும் கரையவில்லை. அணியே இப்போது முனகாதாவின் கையில் இருந்தாலும், ‘நீங்க’ என்பவரும், பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்ப்பவரும் அவர்தான். ‘நீ’ என்பவர் நகுமோ.

பழைய பயிற்சியாளரை நீக்கிய பிறகு, ஆகஸ்டில் வந்து சேர்ந்தவர் முனகாதா. நாளை சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் ஜப்பான் லீக்கின் இரண்டாம் டிவிஷனில் நீடிக்கலாம். சமனில் முடிந்தாலும் மூன்றாவதுக்கு இறங்க வேண்டியதுதான். அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது என்று சொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலும் தயாராகிவிட்டது. முதல் பெயர் டோக்கிவா. இவனைக் கண்டுபிடித்த கண்களையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பப் போவதாகக் கிளப் இயக்குநர் நகுமோவிடம் நேராகவே சொல்லியிருந்தார்.

மெதுவாக ஓடுகிறான், தலையால் முட்டத் தெரியவில்லை, லேசாக இடித்தாலே விழுந்துவிடுகிறான் என்று முனகாதா அடுக்கிக்கொண்டே போனார். நகுமோ எதையும் மறுக்கவில்லை. சூடான காபி டப்பாவை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு கேட்டார்.

கடைசியில், “நாளைக்கு பெஞ்சுல உட்கார வை, போதும்” என்றார். “அவன் பந்து குடுக்குற இடத்துல ஆள் இல்லேன்னா, தப்பு அவன் மேல இல்ல. அங்க போகாத ஆள் மேல.”

மறுநாள் பிற்பகல் கடலிலிருந்து பனி கலந்த மழை அடித்தது. எழுபத்தெட்டாவது நிமிஷம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது நடுக்கள வீரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் ஆட பெஞ்சில் வேறு ஆள் இல்லை. முனகாதா ஒரு பெருமூச்சோடு டோக்கிவாவை அனுப்பினார்.

அவன் முதலில் கொடுத்த பந்தே ஆளில்லாத இடத்துக்குப் போனது. ஒன்பதாயிரம் பேர் ஒன்றாக முனகினார்கள். திட்டுவதற்காக வாயைத் திறந்த மினோபே அப்படியே நின்றுவிட்டார். முனகாதாவுக்கும் அது தெரிந்தது. அந்த இடத்தில் மினோபே இருந்திருந்தால், எதிரே கோல்கீப்பரைத் தவிர ஒருவரும் இல்லை.

கையிலிருந்த தாள்கள் நனைவதைக்கூட உணராமல் முனகாதா எல்லைக்கோட்டின் விளிம்புக்கு வந்தார். பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்தது. மினோபே அந்தப் பையனை நெருங்கி, அடுத்த பந்து எப்போது வரும் என்று தணிந்த குரலில் கேட்பது அவர் காதில் விழுந்தது.

“நான் தலையைத் தூக்கிப் பார்க்குறப்ப ஓட ஆரம்பிச்சிடுங்க, மினோபே சான்” என்றான் டோக்கிவா. “பந்து என்கிட்ட வரலேன்னாலும் ஓடுங்க.”

எண்பத்தொன்பதாவது நிமிஷம் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பந்து அப்போது எதிரணிக்காரர் காலில் இருந்தது. மினோபே ஓடினார். எதிரணிக்காரரின் கால் சறுக்கியது. பந்து டோக்கிவாவிடம் உருண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதத்தின் வெளிப்பக்கத்தால் ஒரே தட்டு. வெறும் புல்லை நோக்கிப் போன பந்து அங்கே போய்ச் சேர்ந்த அதே கணத்தில், எப்போதோ கிளம்பிய மினோபேயும் போய்ச் சேர்ந்தார்.

கோல்.

முனகாதா கத்தவில்லை. கோயிலுக்குள் நுழைந்தவர்போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வரிசையாக நின்று பார்வையாளர்களைக் குனிந்து வணங்கினார்கள். முனகாதா நேரே நகுமோவிடம் போனார். பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டதாகச் சொன்னார்.

“கீழ நின்னுக்கிட்டே மேலேயிருந்து பார்க்குறான், நகுமோ சான். இப்படி ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல. அவன் படிச்ச பள்ளிக்கூடம் மூணு வருஷமும் தேசியப் போட்டிக்கு வந்துச்சு, எல்லா ஆட்டமும் டி.வி.யில பார்த்தேன். இவன் முகம் மட்டும் ஞாபகம் வரல. எந்த இடத்துல ஆடினான்?”

“ஆடவே இல்ல” என்றார் நகுமோ. “அந்த அணியில இருநூறு பேர். மூணு வருஷமும் இவன் கேலரியில நின்னு, ஆடுறவங்களை உற்சாகப்படுத்த மேளம் அடிச்சான். கோல் விழுற மாதிரி இருந்தா தாளத்தை மாத்துவாங்க இல்லையா? இவன் தாளத்தை மாத்தி ரெண்டு நொடி கழிச்சுத்தான் கீழே களத்துல அந்தப் பாஸே கிளம்பும்.”

“அப்போ இவன் பந்தை உதைச்சு நீங்க எப்பதான் பார்த்தீங்க?”

“ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கின மறுநாள்.”