தர்ஷினியின் கன்னம்

"சோப்பே இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?" நிர்மலா எறிந்த வாசனைச் சோப்பு வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது. அதை ஆசையாக வாங்கிவந்த அவள் புருஷன் வேடியப்பன் போய்ப் பொறுக்கி எடுத்தான்.

கைக்குழந்தை தேவதர்ஷினிக்கு முதலில் சோப்பு ஒத்துக்கொள்ளாமல் கன்னத்தில் லேசாகத்தான் சிவந்தது. சோப்பை நிறுத்தியதும் குறைந்திருக்க வேண்டும். மாறாகக் கழுத்துவரை இறங்கியது. பவுடரை நிறுத்தினாள். பால் கொடுப்பவள் என்று கத்திரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் விட்டாள். வாய் செத்ததுதான் மிச்சம்.

இவனுக்கோ ஒரு கவலையும் இல்லை. கரும்பு லாரியை நிறுத்திவிட்டுத் தாடியும் தூசியுமாக வருவான், மகளைத் தூக்கிக் கொஞ்சுவான், அதோடு அப்பன் வேலை முடிந்தது.

"ஒம் மூஞ்சிய பாத்துக்கவே ஒனக்கு நேரமில்ல, புள்ளய எங்க பாக்கப்போற? நாளைக்கு கள்ளக்குறிச்சிக்கு வா, டாக்டரம்மாகிட்ட காட்டலாம்."

மறுநாள் டாக்டர் கேட்டார். "எதைத் தேச்சுக் குளிப்பாட்டுறீங்க?"

"வெறும் தண்ணிதான் மேடம். எல்லாத்தயும் வுட்டுட்டேன். இன்னும் இன்னாத்த வுடுறது?" நிர்மலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவைப் பார்த்துக் குழந்தையும் வீரிட்டது. வேடியப்பன் வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்து இழைத்து இழைத்துச் சமாதானப்படுத்தினான்.

டாக்டர் எழுந்து வந்து குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கன்னம் இன்னும் அதிகமாகச் சிவந்திருந்தது.

"சோப்பால வந்தது எப்பவோ போயிருக்கும். பிஞ்சுத் தோலுங்க, உங்க தாடி உரசி உரசித்தான் ஆறவே மாட்டேங்குது. இன்னிக்கே எடுத்துடுங்க, தானா சரியாயிடும்."

நிர்மலாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்தச் சோம்பேறியின் தாடிக்காகவா!

"இன்னும் இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? எதிர்லயே சலூன் இருக்குது, போ!"

வேடியப்பன் நகரவில்லை. மகளை நெஞ்சிலிருந்து மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"புள்ளைக்கு சரியானாதான் தாடிய எடுப்பேன்னு கொலசாமிக்கு வேண்டிக்கினு இருக்கேன் மேடம்."