தூங்கக் கூடாத கோழி

பேச்சியம்மா வளர்த்த புள்ளிக்கோழிக்கு நாலு நாளாக உடம்பு சரியில்லை. நின்றால் கால் நடுங்கியது. கண் தானாகச் செருகியது.

கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த கருங்கோழி அதைப் பார்த்துவிட்டது. "முருங்கை நிழல்ல ரெண்டு நாள் பேசாம படுத்துக்கோடி. தானா சரியாயிடும்."

"நீ அடைக்கு உக்காந்திருக்க, உன்னை யாரு கேப்பா? நான் படுத்தா கோழி தூங்குதுன்னு சொல்லிடுவாங்க. போன மாசம் வெள்ளைக்கோழி தூங்குச்சே, சாயங்காலம் எங்க இருந்துச்சு? சட்டியிலதான?"

உண்மைதான். சீக்கு வந்து தூங்கி விழும் கோழியை, அது சாகும் முன்னே அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள் அந்த வீட்டில்.

புள்ளிக்கோழி விடாமல் குப்பையைக் கிளறியது. தவிடு வைத்தால் முதல் ஆளாக ஓடி, இறங்காத தொண்டையில் இறக்கியது. பேச்சியம்மா கொல்லைப் பக்கம் தலைகாட்டும்போதெல்லாம் அவள் கண்ணெதிரே சிறகடித்துத் துள்ளியது.

ஐந்தாம் நாள் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். பேச்சியம்மா புருஷனைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"விருந்தாளிக்குச் சீக்குக்கோழியவா அடிச்சுப் போட முடியும்? அந்தா, துள்ளிக்கிட்டுத் திரியுதே, அதைப் பிடிங்க."

புள்ளிக்கோழிக்கு ஓடத் தெம்பில்லை. அவர் அதைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கைச்சூடு இதமாக இருந்தது. ஐந்து நாளாகப் பாடுபட்டுத் திறந்து வைத்திருந்த கண்களைப் புள்ளிக்கோழி மெல்ல மூடிக்கொண்டது.