பொன்னாத்தாளின் போன்

"இதைப் போட்டது ஆருன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும் தம்பி" என்று குப்பண்ணன் போனை மேசைமேல் வைத்தார். தலையில் புது மொட்டை. வேலந்தாவளம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் கோபிநாத், பழனிக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று சிரித்தபடி கேட்டான்.

அவர் போனை அவன் பக்கம் தள்ளினார். ஊரே பார்த்துப் பயந்த அந்தக் கெடா மீசையையும் சேர்த்தே மழித்திருந்தார். வேண்டுதல் கொஞ்சம் பெரிசுதான் போலிருக்கிறது என்று கோபிநாத் நினைத்துக்கொண்டான்.

போன் அவர் மனைவி பொன்னாத்தாளுடையது. போனுக்குப் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் திரையின் மூலையில் பெயரே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. அதைத் தொட்டால் கைரேகை கேட்டது.

பொழுது விழுந்தால் அந்தக் கட்டம் சத்தம் போடுமாம். உடனே பொன்னாத்தாள் போனைத் தூக்கிக்கொண்டு மாட்டுச் சாளைக்குப் போய்விடுவாளாம். இத்தனை நாளும் தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்ததாகக் குப்பண்ணன் சொன்னார். இப்போது அந்தச் சத்தம் நிற்பதே இல்லையாம்.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்கய்யா. விரல வெச்சாத் தொறந்துக்குமுங்க."

"அவ வரமாட்டா."

புருஷன் பெண்டாட்டி சண்டை என்று கோபிநாத்துக்குப் பட்டது. நமக்கெதற்கு வம்பு என்று வேலையைப் பார்த்தான். அந்தக் கட்டம் ஒரு ஆப், செய்தவர்கள் எழுதிய புரோகிராம் கையில் இல்லாமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது என்று விளக்கினான். ஆனால் வெளியே பெயர் போடாவிட்டாலும் ஒவ்வொரு ஆப்புக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளப் பெயர் உண்டு. செய்தவர் வைத்த பெயர் அது. அதை மட்டும் எடுத்துவிடலாம்.

"அதுல ஆளு தெரிஞ்சிருமா?"

"சில சமயம் தெரியுமுங்க."

குப்பண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபிநாத் போனை வயரில் மாட்டி லேப்டாப்போடு இணைத்தான். வெள்ளைக் கட்டத்தைத் தொட்டு, கைரேகை கேட்கும் திரையை வரவைத்து, இந்த நொடியில் திரையில் முன்னால் நிற்பது எந்த ஆப் என்று லேப்டாப்பில் கேட்டான்.

ஒரே ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்துகள், நடுவில் புள்ளி. முதலில் செல்வப்பிரியா. ஒரு புள்ளி. அதற்குப் பின் ஆத்தா.

கோபிநாத் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். செல்வப்பிரியா அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், குப்பண்ணனின் ஒரே மகள். கொச்சியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன இடத்தில் ஜின்சன் என்கிற கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டவள். சேதி தெரிந்த அன்றைக்கு இதே பஸ் ஸ்டாண்டில் நின்று, எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வெட்டுவேன் என்று குப்பண்ணன் கத்தியதை ஊரே கேட்டது. இனி அவள் பெயரைச் சொன்னால் என் நாக்கு அழுகட்டும் என்று சாமி மேல் சத்தியமும் செய்தார். சொன்னதோடு நிற்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கே போனார். அவள் நம்பரை மாற்றிக்கொண்டு ஊர் மாறிப் போய்விட்டாள். எங்கே என்று கோபிநாத்துக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

ஆத்தாளோடு பேசுவதற்கென்றே அவள் ஒரு ஆப் செய்து, யாரையோ பிடித்து இந்தப் போனில் போட்டுக்கொடுத்திருக்கிறாள். கிழவர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். மீசை போனாலும் ரோஷம் போகவில்லை என்று கோபிநாத் உள்ளுக்குள் பல்லைக் கடித்தான்.

"ஏதாச்சும் தெரியுதா தம்பி?" குப்பண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நல்லவேளை.

"சீனாக்காரன் வைரஸுங்கய்யா. ஊர் பேர் எதுவும் இல்லீங்க" என்றான் கோபிநாத். சொல்லும்போதே விரல் வெள்ளைக் கட்டத்தை அழுத்திப் பிடித்தது. நீக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்றான். கட்டம் மறைந்தது. வரியையும் லேப்டாப்பிலிருந்து அழித்தான்.

"எடுத்துட்டேனுங்க. இனிச் சத்தமே வராது."

குப்பண்ணன் போனை வாங்கினார். கட்டம் இருந்த மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அடுத்த பக்கம் தள்ளிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"எடுக்கச் சொல்லலீங்களே தம்பி. திருப்பிக் கொண்டாந்துரலாமுங்களா?"

"முடியாதுங்க" என்றான் கோபிநாத். பள்ளித் தோழியின் உயிரைக் காப்பாற்றிய நிம்மதி அவன் குரலில் இருந்தது. "நெட்டுல கிடைக்கிற ஆப்பு இல்லீங்க இது. செஞ்சவங்களே வந்து போட்டாத்தான் உண்டு. ஆரு செஞ்சதுன்னு இனி அந்தக் கடவுளாலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. மொட்டைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அவ ஆத்தா செத்துட்டான்னு என்ற புள்ள செல்வப்பிரியாவுக்குச் சொல்ல, எனக்கு வேற வழி இல்லீங்களே தம்பி."